சைக்கிளா, ஓட்டமா, எடைப் பயிற்சியா?

"காட்டுல பாடுபடுறவனுக்குத் தனியா என்னங்க உடற்பயிற்சி?" பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னமும் என்னைக் கேலி பண்ணுவார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

35 வருஷம் வங்கியில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு 3 ஏக்கரில் இயற்கை விவசாயம் ஆரம்பித்தவன் நான். முதல் வருஷமே 50 கிலோ புண்ணாக்கு மூட்டையைக் குனிந்து தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. 12 நாள் படுக்கை. கலக்கி வைத்த 200 லிட்டர் ஜீவாமிர்தம் நிலத்துக்குப் போகாமலே வீணானது. எல்லா வேலைக்கும் கூலி கொடுத்ததில் அந்தப் போகத்து லாபம் கரைந்தது. "பேசாம குத்தகைக்கு விட்டுடலாங்க" என்றார் வீட்டுக்காரம்மா.

மருத்துவர் பார்த்துவிட்டு, "எலும்பில் கோளாறு இல்லை. தாங்கிப் பிடிக்கிற தசைக்குத்தான் பலம் போதாது" என்றார். 30 வயதைத் தாண்டினாலே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். 60க்கு மேல் வேகமாகக் குறையும். களையெடுப்பும் உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் மணிக்கணக்காகக் குனிந்தே இருக்கிறோம். மூச்சு வாங்கும் வேகமும் இல்லை. எனவே மூன்று பயிற்சிகளையும் செய்து பார்த்தேன்.

சைக்கிள்: உடம்பின் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்வதால் மூட்டுக்கு அடி விழாது. இதயமும் நுரையீரலும் பலப்படும், தொடைக்கும் நல்லது. மூட்டு வலிக்காரர்கள், உடல் எடை கூடியவர்கள் இதில் தொடங்கலாம். ஆனால் பாரம் தாங்காததால் எலும்புக்குப் பெரிய பலன் இல்லை; முதுகுக்கும் தோளுக்கும் பலம் சேராது.

ஓட்டம்: குறைந்த நேரத்தில் அதிகப் பலன். செலவும் ஒரு ஜோடி செருப்பு, இல்லையில்லை, ஷூவோடு சரி! எலும்புக்கும் நல்லது. ஆனால் ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. நான் 78 கிலோ. எடுத்த எடுப்பில் 3 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் வாரமே முழங்கால் வீங்கிப்போனது. தப்பு ஓட்டத்தில் இல்லை, என் அவசரத்தில். ஓட நினைப்பவர்கள் 4 நிமிஷம் நடை, 1 நிமிஷம் ஓட்டம் என்று ஆரம்பியுங்கள்.

எடைப் பயிற்சி: தசை, எலும்பு, முதுகு மூன்றையும் இதுபோல் வேறெதுவும் காப்பதில்லை. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். எனவே சர்க்கரைக்காரர்களுக்கும் நல்லது. ஜிம் வேண்டியதில்லை. மணல் நிரப்பிய பக்கெட், கர்லாக்கட்டை, சுவரில் கைவைத்துச் செய்யும் தண்டால் போதும். 5 கிலோவில் தொடங்கி, அது சுலபமானதும் ஒன்றிரண்டு கிலோ கூட்டுங்கள். இடுப்பை மடக்கி, முதுகை நேராக வைத்து, பாரத்தை உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும். குறை என்றால், மூச்சுப்பலம் மற்ற இரண்டு அளவுக்குக் கூடாது.

அப்படியானால் எது நல்லது? ஒரே பயிரை நம்பக்கூடாது என்று நமக்குத் தெரியாதா! உலக சுகாதார நிறுவனமும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: வாரம் 150 நிமிஷமாவது மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிஷம் கடும் பயிற்சி, அதோடு குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி. மிதம் என்றால் பேச முடியணும், பாட முடியக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

என் வீட்டிலிருந்து தோட்டம் 4 கிலோமீட்டர். வாரம் 5 நாள் பைக்கை விட்டுவிட்டு சைக்கிளில் போய் வருகிறேன். 150 நிமிஷம் அதிலேயே முடிந்துவிடுகிறது. 2 நாள் அரை மணி நேரம் எடைப் பயிற்சி. நடவு, அறுவடை நாட்களில் எடைக்கு விடுமுறை. நாற்பதுக்குள் இருக்கும் தம்பிகள் சைக்கிளுக்குப் பதில் ஓடலாம்.

ஒரு எச்சரிக்கை: ரத்த அழுத்தம், சர்க்கரை, நெஞ்சுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். சர்க்கரை மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மிதிக்க வேண்டாம்.

பலன் உடனே தெரியவில்லை. தொழுஉரம் போட்ட மறுநாளே மண் மாறிவிடுமா? நாலு மாசத்தில் 16 லிட்டர் தெளிப்பானை முதுகில் மாட்டி வரப்பில் தடுமாறாமல் நடந்தேன். குத்தகைப் பேச்சு வீட்டில் நின்றது. புண்ணாக்கு மூட்டையை மட்டும் இப்போதும் இரண்டாகப் பிரித்துத்தான் தூக்குகிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை.