சொல்லிவிட்டுப் போங்கள்



"எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்கிறீர்கள். "வருவேன்" என்ற ஒற்றைச் சொல்லோடு கணவர் வாசலைக் கடந்துவிடுகிறார். இஷா தொழுத பின்னும் ஆளைக் காணவில்லை. எங்கே என்று தேடுவீர்கள்?

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. மலையும் பனியாறும் நிறைந்த பெருநிலம் அது. தலைநகர் ஜூனோவுக்கே வெளியூரிலிருந்து தரைப்பாதை கிடையாது. சிறிய விமானங்கள்தான் அங்கே பஸ் வண்டிகள். ஏரியிலிருந்தும் ஆற்று மணலிலிருந்தும் கிளம்பும் விமானிக்குத் தகவல் கொடுக்கத் தொலைபேசி எங்கே? அவர் மேலே எழும்பிய பின் வானொலி மூலம் விமான சேவை நிலையத்தை அழைக்கிறார். எந்தப் பாதையில் போகிறார், எத்தனை பேர் இருக்கின்றனர், எரிபொருள் எவ்வளவு நேரத்துக்குப் போதும், எப்போது இறங்குவார் என்பதையெல்லாம் பதிவு செய்கிறார். இதுவே பயணத் திட்டம். இறங்கியதும் "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று அறிவிக்க வேண்டும். குறித்த நேரம் கடந்து அரை மணி நேரமாகியும் அறிவிப்பு இல்லையென்றால் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

1972 ஒக்டோபர் 16ஆம் திகதி ஹேல் போக்ஸ், நிக் பெகிச் ஆகிய இரு மக்கள் சபை உறுப்பினர்கள் மேலும் இருவருடன் அங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குப் பறந்தனர். கிளம்பிய சில நிமிடங்களில் விமானி வானிலிருந்தே திட்டத்தைப் பதிந்தார். பிறகு அந்த விமானத்திலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. பதிந்த பாதையை வைத்து 39 நாட்கள் தேடினார்கள். இன்றுவரை ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. இருப்பிடம் காட்டும் கருவி அதில் இருக்கவில்லை என்று விசாரணைச் சபை பின்னர் முடிவு செய்தது.

பார்த்தீர்களா சகோதரியே? சொல்லிவிட்டுப் போவது பாதிக் கடமைதான். உரிய ஏற்பாட்டைச் செய்துகொள்வது மறுபாதி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படிதானே நம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள்!

பயணம் புறப்படும் உங்கள் பிள்ளைக்குத் துஆவோடு இதையும் சொல்லிக் கொடுங்கள்: போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்ல வேண்டும். நேரம் மாறினால் அறிவிக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் மறக்காமல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக வீட்டில் ஓர் உம்மா விழித்திருக்கிறாள்.