காணி உங்களுடையது, மான் யாருடையது?

“என் காணிக்குள் வந்த மானை நான் சுட்டால் என்ன பிழை? வேட்டை ஹலால்தானே?”

வன்னியில் காட்டை அண்டிக் காணி வைத்திருக்கும் சகோதரர்களிடமிருந்து அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பவர்கள் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை. கடன் வாங்கி விதைத்த பயறும் கௌபியும் ஒரே இரவில் மொட்டையாகிப் போவதைப் பார்த்தவர்கள் கேட்கிறார்கள். ஆகவே கோபப்படாமல், ஒதுக்கித் தள்ளாமல் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் இந்தக் காணிகளின் கதையை நினைத்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் முதலிய ஊர்களின் மக்களும் உடுத்த உடுப்போடு புறப்பட்டார்கள். பலர் புத்தளத்தில் அகதி வாழ்க்கை வாழ்ந்தார்கள். 2009இல் போர் முடிந்த பின்னர் ஊருக்குத் திரும்பியவர்களை வரவேற்றது வீடல்ல, பற்றைக்காடு. இருபது ஆண்டுகளாக மனிதர் இல்லாத நிலத்தில் மரம் வளர்ந்தது, மானும் மரையும் பன்றியும் குடியேறின. வாப்பாவின் காணியை நாம் தேடிவந்தபோது, அது மானின் மேய்ச்சல் தரையாகியிருந்தது. நமக்கும் மானுக்கும் இடையிலுள்ள வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வேட்டை அடிப்படையில் ஆகுமானதே. ஸஹாபாக்களில் வேட்டையாடியவர்கள் இருந்தார்கள். அம்பெய்து வேட்டையாடுவது பற்றியும், பழக்கிய நாயைக் கொண்டு வேட்டையாடுவது பற்றியும் அதிய் இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் விரிவாக விளக்கமளித்ததை புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் காணலாம்.

ஆனால் ஆகுமானது என்பதற்கும் எப்போதும், எங்கும், எப்படியும் செய்யலாம் என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனத்தைத் திறந்து பாருங்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையும், இஹ்ராமில் இருக்கும்போது வேட்டையாடக் கூடாது என்ற தடையும் அந்த ஒரே வசனத்தில் இருக்கின்றன. மக்காவின் ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டக்கூட அனுமதி இல்லை. மதீனாவையும் நபி (ஸல்) அவர்கள் புனித எல்லையாக அறிவித்தார்கள். மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டாலும் அவற்றைத் தாம் வெருட்டப்போவதில்லை என்று அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் கூறியதாக புகாரியில் பதிவாகியுள்ளது. மான் மேயும் ஓர் இடத்துக்கு எல்லை போட்டு, இங்கே கை வைக்காதே என்று சொல்வது நமக்குப் புதிய பாடமல்ல.

சரி, சொந்தக் காணி? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நமது நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் புகழ்பெற்ற நூல் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ். ஒருவரின் நிலத்துக்குள் தானாக வந்து சேற்றில் சிக்கிக்கொண்ட வேட்டைப் பிராணிகூட, நிலம் அவருடையது என்பதற்காக மட்டும் அவருக்குச் சொந்தமாகிவிடாது என்பதே மிகச் சரியான கருத்தாக அதில் தரப்பட்டுள்ளது. சேற்றில் சிக்கிய மானே உங்களுடையதல்ல என்றால், வேலி தாண்டி வந்து இரண்டு வாய் மேய்ந்துவிட்டுப் போகும் மான் எப்படி உங்களுடையதாகும்? உறுதிப் பத்திரத்தில் நிலத்தின் நான்கு எல்லைகள் எழுதப்பட்டிருக்கும். மான் எழுதப்பட்டிருக்காது.

நாட்டுச் சட்டம்

இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனஜீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் ஆரம்ப காலத்தில் இடைவலயங்கள் எனப்பட்ட பகுதிகளில் அனுமதிப்பத்திரம் பெற்று வேட்டையாட வழி இருந்தது. வயது முதிர்ந்தவர்கள் சொல்லும் பழைய வேட்டைக் கதைகளைக் கேட்டுவிட்டு, இன்றும் அப்படித்தான் என்று இளைஞர்கள் எண்ணிவிடக்கூடாது. அந்தக் காலம் போய்விட்டது. 1993, 2009 ஆண்டுகளின் திருத்தங்கள் சட்டத்தை மேலும் இறுக்கின. இன்று புள்ளிமானும் மரையும் உக்குளானும் பாதுகாக்கப்பட்ட பிராணிகள். சரணாலயத்துக்குள் மட்டுமல்ல, உங்கள் வீட்டுக் கொல்லையிலும் அவற்றைக் கொல்வது குற்றம். இறைச்சியை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். குட்டியைப் பிடித்துக் கட்டி வளர்ப்பதும் அப்படியே.

பயிர்ப் பாதுகாப்புக்காகத் துவக்கு அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அது துவக்கை வைத்திருக்கத் தரப்பட்ட அனுமதி. மானைச் சுடத் தரப்பட்ட அனுமதியல்ல. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பலரைக் காயப்படுத்திய சிறுத்தை ஒன்றை ஊரார் அடித்துக் கொன்றதும், அந்தக் காட்சி உலகெங்கும் பரவியதும், பின்னர் சிலர் கைதானதும் உங்களுக்கு நினைவிருக்கும். உயிருக்குப் பயந்த இடத்திலேயே விடயம் நீதிமன்றம் வரை போனதென்றால், பயறுக்காகச் சுட்டவனின் நிலை என்ன? வீட்டில் உழைப்பவர் ஒருவர்தான். அவர் விளக்கமறியலில் இருந்தால் பிள்ளைகளின் பாடசாலைச் செலவை யார் பார்ப்பது?

நாம் இந்நாட்டின் பிரஜைகள். பயிரையும் உயிரையும் கெடுக்காத, ஹராமை ஏவாத ஒரு சட்டத்துக்குக் கட்டுப்படுவது ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதில் அடங்கும்.

தடமும் கட்டுத்துவக்கும்

துவக்கு இல்லாதவர்கள் கம்பித் தடம் வைக்கிறார்கள். இதன் பாவம் இரண்டு மடங்கு. அல்மாயிதாவின் மூன்றாம் வசனம் ஹராமானவற்றின் பட்டியலில் கழுத்து நெரிந்து செத்ததையும், விழுந்து செத்ததையும் சேர்த்திருக்கிறது. இரவு முழுவதும் சுருக்கில் துடித்து விடியுமுன் செத்த மான் எந்த பிஸ்மில்லாஹ்வினாலும் ஹலாலாகாது. குழி தோண்டி, அதில் விழுந்து செத்ததும் அப்படியே. இதற்காகவா சட்டத்தையும் மீறி, ஒரு சீவனையும் வதைத்தோம்? தடத்துக்கு ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரியாது. மான் மட்டுமல்ல, சிறுத்தையும் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியும் அதில் மாட்டும்.

கட்டுத்துவக்கு அதைவிடக் கொடியது. கம்பியில் கால் பட்டதும் அது வெடிக்கும். விறகு பொறுக்கப் போகும் உம்மாவின் கால் எது, மானின் கால் எது என்று அதற்குத் தெரியாது. பன்றிவெடியைக் கையாளும்போது விரல்களை இழந்தவர்களும் உண்டு. மின்கம்பத்திலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்து வேலிக் கம்பிக்குக் கொடுப்பதும் மனித உயிரைப் பறிக்கும் செயலே. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கால் பழிவாங்கவும் கூடாது என்ற நபிமொழி இங்கே நேராகப் பொருந்துகிறது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். வன்னிக் காடு போர் நடந்த காடு. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. மிதிவெடி அகற்றும் வேலை 2009க்குப் பிறகு ஆண்டுக்கணக்காக நடந்து வந்திருக்கிறது. காயம்பட்ட மானைத் துரத்திக்கொண்டு இருட்டில் காட்டுக்குள் இறங்குபவன், சிவப்புப் பலகையைக் காண்பானா?

அப்படியானால் பயிரை எப்படிக் காப்பது?

தடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் அது நியாயமாகாது. செய்யக்கூடியவை பல இருக்கின்றன.

முதலில் கள்வன் யார் என்று கண்டுபிடியுங்கள். மானுக்கு மேல் தாடையில் முன்பற்கள் இல்லை. ஆகவே அது கடித்த தண்டு கிழிந்தாற்போல் இருக்கும். முயல் கத்தியால் வெட்டியதுபோல் சரிவாக நறுக்கும். பன்றி மண்ணைக் கிளறிப் புரட்டிவிடும். இளமரத்தின் பட்டை உரிந்திருந்தால், ஆண் மானோ மரையோ கொம்பைத் தேய்த்திருக்கலாம். பன்றி செய்ததற்கு மானில் பழிபோட்டு வேலி கட்டினால் காசு வீண்.

அடுத்தது வேலி. புள்ளிமான் பாயக்கூடியது. ஆனாலும் கீழே இடைவெளி இருந்தால் நுழைந்து வரவே பார்க்கும். எனவே உயரத்தைப் போலவே அடிப்பக்கமும் முக்கியம். கிளுவையும் பூவரசும் நட்டு, இடையிடையே முட்கம்பி இழுத்து, அடியில் அலம்பல் அடைத்த நம் பழைய வேலி இன்றும் நல்ல வேலிதான். ஏழு எட்டு அடி உயரம் இருந்தால் நல்லது. முழுக் காணியையும் அடைக்க வசதி இல்லையா? வீட்டை ஒட்டிய ஒரு பகுதியை மட்டும் இறுக்கமாக அடைத்து, பயறையும் மரக்கறியையும் அதற்குள் போடுங்கள். மரக்கன்றுகளுக்குத் தனித்தனியாகக் கூடு கட்டுங்கள்.

மூன்றாவது, பயிர்த் தெரிவு. காட்டோரத்து வரிசையில் மான் விரும்பித் தின்னும் பயறு, கௌபி, இளம் சோளம் ஆகியவற்றைப் போடாதீர்கள். மிளகாய், மஞ்சள், எள் போன்றவற்றை அது நாடுவது குறைவு. அவற்றை வெளிவரிசையிலும் மற்றவற்றை உள்ளேயும் வையுங்கள். வேலிக்கும் காட்டுக்கும் இடையில் பற்றையை வெட்டி வெளியாக்கி வையுங்கள். மறைவில்லாத இடத்தில் மான் தயங்கும். ஆனால் உங்கள் எல்லைக்கு அப்பால் வெட்டாதீர்கள். அது வனப் பகுதியாக இருந்தால் புதிய வழக்கு வந்துசேரும்.

நான்காவது, காவல். மான் பெரும்பாலும் அந்தியிலும் விடியலிலும் மேயும். மரை இரவில் வரும். பழைய சாரிகளைக் கட்டுவதும், தகரம் தட்டுவதும், விளக்கு வைப்பதும் சில நாட்களுக்குப் பலன் தரும். பிறகு மான் பழகிவிடும். ஆகவே நான்கு நாளைக்கு ஒருமுறை இடத்தையும் முறையையும் மாற்றுங்கள். அயல் காணிக்காரர்களோடு, அவர் தமிழ்ச் சகோதரராயினும் முஸ்லிமாயினும், முறைவைத்துக் காவல் இருங்கள். நீண்ட பிரிவுக்குப் பின் ஒன்றாக வாழத் தொடங்கிய ஊர்களில், ஒரே பரணில் இருந்து தேநீர் குடிப்பதால் பயிர் மட்டுமா காக்கப்படும்?

ஐந்தாவது, சேதத்தைக் குறித்து வையுங்கள். திகதி, பயிர், பரப்பு, முடிந்தால் படம். கிராம உத்தியோகத்தருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து எழுதும் கடிதத்துக்கு ஒரு பலம் உண்டு.

சகோதரிகளுக்கு

“மலிவாக மான் இறைச்சி, இரண்டு கிலோ தரட்டா?” என்று வாசலில் ஒருவர் வந்து நிற்பார். அது தடத்தில் செத்ததா, அறுத்ததா? அறுத்தவர் யார்? அது மான்தானா? எதற்கும் அவரிடம் உறுதியான பதில் இருக்காது. வாங்கி அடுப்பில் வைத்தால் குற்றத்தில் பங்கும் சேரும். சந்தேகமானதை விட்டுவிடுவதுதான் பேணுதல். உங்கள் சமையலறைக் கதவு மூடினால் காட்டிலுள்ள பாதித் தடங்கள் தாமாகவே கழன்றுவிடும்.

புல்லுக்குள் தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வந்தால், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். தாய் அதைக் கைவிடவில்லை, மேயப் போயிருக்கிறது. காயம்பட்டிருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

வெளிநாட்டில் வாழும் வாசகர்கள், “இங்கே வேட்டைக்கு அனுமதி இருக்கிறதே” என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அமெரிக்காவிலும் வேட்டைப் பருவமும் எண்ணிக்கை வரம்பும் சொந்த நிலத்துக்காரரையும் கட்டுப்படுத்துகின்றன. அந்தச் சட்டத்தைப் பேணி, அல்லாஹ்வின் பெயர் கூறி, உணவுக்காக, தெளிவாகக் கண்ட பிராணியை மட்டும் வேட்டையாடுங்கள். உயிருள்ளதை வெறும் குறிபார்க்கும் இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள்.

கடைசியாக, நட்டத்தோடு நிற்கும் கமக்காரச் சகோதரருக்கு ஒரு வார்த்தை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாக எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். வேலி கட்டுங்கள், காவல் இருங்கள். அது உங்கள் உரிமை, கடமையும்கூட. அதையும் மீறி மான் தின்றுவிட்டுப் போன பயறு உங்கள் கணக்குப் புத்தகத்தில் நட்டமாக இருக்கலாம். மலக்குகள் எழுதும் ஏட்டில் அது வரவு.

இழந்த மண்ணைத் திரும்பத் தந்த அல்லாஹ், அந்த மண்ணின் விளைச்சலிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.