எத்தனை பங்கு தண்ணீர்?

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டில் கழுவும்போது டெவலப்பரை அப்படியே ஊற்றலாம். தண்ணீர் கலந்தும் ஊற்றலாம். ஒரு பங்கு டெவலப்பருக்கு ஒரு பங்கு தண்ணீர் என்றால் 1+1, மூன்று பங்கு என்றால் 1+3. எதை எடுப்பது என்பதைச் சிங்கப்பூரில் முதலில் தீர்மானிப்பது குழாய்த் தண்ணீரின் சூடு.

கையேடுகள் தரும் நேரம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கானது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் குழாயில் வருவதோ ஏறக்குறைய 28 டிகிரி. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரியில் தண்ணீர் கலக்காமல் ஏழரை நிமிடம், 1+1-க்கு 13, 1+3-க்கு 20. நான்கு நிமிட வேலை 23 டிகிரியில் மூன்று நிமிடமாகும் என்பது இல்ஃபோர்டின் திருத்தக் கணக்கு. அதையே 28 வரை நீட்டினால் மேற்சொன்னவை சுமார் மூன்றரை, ஆறு, ஒன்பது நிமிடங்களாகச் சுருங்கும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றவும் வடிக்கவும் ஆகும் நேரமே கணக்கைக் கெடுத்துவிடும். படத்தில் வானம் திட்டுத்திட்டாக விழும். கரைசலை ஐஸ் வாளியில் வைத்து 24 டிகிரிக்கு இறக்க முடிந்தவருக்கு 1+1 போதும், ஒன்பது நிமிடம் கிடைக்கும். ஐஸோடு மல்லுக்கட்ட விரும்பாதவருக்கு 1+3.

லிட்டில் இந்தியாவின் வெளிச்சத்துக்கும் அது ஒத்துப்போகிறது. நண்பகலில் சிராங்கூன் சாலை வெயிலில் வெளுத்துக் கிடக்கும். கடையோர ஐந்தடி நடைபாதையிலோ இருட்டு. மல்லிகைச் சரம் வெயிலிலும் அதைக் கட்டுபவர் முகம் நிழலிலும் இருந்தால், பூ பதிந்த இடத்தில் நீர்த்த டெவலப்பர் விரைவில் வலுவிழக்கும். முகம் பதிந்த இடத்தில் வேலையைத் தொடரும். பூ வெறும் வெள்ளைத் திட்டாகாமல் இதழ் இதழாகத் தெரியும். பிலிம் கழுவும் தொட்டியை ஓயாமல் குலுக்கினால் இந்தப் பலன் போய்விடும்.

குருணை சற்றுத் தூக்கலாகத் தெரியும் என்பது உண்மை. டெவலப்பரில் உள்ள சோடியம் சல்பைட்டு வெள்ளித் துகள்களின் ஓரத்தைக் கரைத்து மென்மையாக்குகிறது. தண்ணீர் கூடக்கூட அதன் பிடி தளரும். விளிம்புகள் கூர்மை பெறுவதால் தெருப் படங்களுக்கு இது நட்டமில்லை.

கவனிக்க வேண்டியது டெவலப்பரின் மொத்த அளவு. ஒரு 35 மி.மீ. சுருளுக்குப் பேட்டர்சன் தொட்டியில் 290 மி.லி. ஊற்றவேண்டும். 1+3-இல் அதற்குள் இருப்பது 72 மி.லி. டெவலப்பர்தான், நெகட்டிவ் மெலிந்துபோக வாய்ப்புண்டு. இரண்டு சுருள் பிடிக்கும் தொட்டியில் ஒரே சுருளை இட்டு, 145 மி.லி. டெவலப்பரோடு 435 மி.லி. தண்ணீர் சேர்த்தால் அந்தக் குறை தீரும். நீர்த்த கரைசல் ஒருமுறைக்கு மட்டுமே. எடுத்து வைத்து மறுபடி பயன்படுத்தக்கூடாது.