பழைய வேனில் பயணமா? முதலில் பிரேக்கைப் பாருங்கள்!

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், வீட்டில் பழைய வேன் வைத்திருப்பவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. பின் சீட்டை மடக்கிப் பாய் விரித்து, ஸ்டவ், தண்ணீர் கேன், புளியோதரை டப்பா என்று அடுக்கிவிட்டால் வண்டியே ஒரு வீடுதான். லாட்ஜ் செலவும் மிச்சம். ஊறுகாய் எடுத்தாயிற்றா, போர்வை எடுத்தாயிற்றா என்று பத்துத் தடவை கேட்கிற நாம், பிரேக் பார்த்தாயிற்றா என்று ஒரு தடவை கேட்க வேண்டாமா?

"அதெல்லாம் ஆண்கள் சமாசாரம்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். நாம் ஸ்பானர் பிடிக்க வேண்டியதில்லை. குழந்தை அழுகிற விதத்தை வைத்தே பசியா, வயிற்று வலியா என்று சொல்லிவிடுகிறோமே, அது போலத்தான். பிரேக்கும் பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டிவிடும்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிரேக் ஆயில், மெல்லிய குழாய்கள் வழியாக நாலு சக்கரத்துக்கும் அழுத்தத்தைக் கொண்டுபோகிறது. பல வேன்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கால் சொல்லும் சேதி

பெடல் இட்லி மாவில் கால் வைத்தாற்போல் மெத்தென்று இருக்கிறதா? இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே எழும்புகிறதா? குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம்.

பெடலை அழுத்தி மிதித்தபடி முப்பது எண்ணுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஆயில் கசிகிறது. டயரின் உள்பக்கத்தையும் வண்டி நின்ற தரையையும் பாருங்கள். வெளியே சொட்டு ஈரம்கூட இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம். இந்த இரண்டில் எதுவானாலும் வண்டியை எடுக்கவே கூடாது.

பெடல் கல் மாதிரி இறுகிக் கிடந்தால், பூஸ்டர் உள்ள வண்டியில் இப்படிப் பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் உள்ளே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லையென்றால் பூஸ்டரிலோ அதற்குப் போகும் குழாயிலோதான் கோளாறு.

கையும் காதும்

பிரேக் போட்டதும் வண்டி வலது பக்கம் இழுக்கிறதா? டயர் காற்றைச் சரிபார்த்தும் இழுத்தால், பெரும்பாலும் கோளாறு இடது பக்கம்! வலது சக்கரம் ஒழுங்காகப் பிடிக்கிறது, இடதுதான் ஏமாற்றுகிறது. லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம்.

'கீச்' சத்தம் தொடர்ந்து கேட்டால் பேட் தேய்ந்துவருகிறது என்று அர்த்தம். 'கரகர' என்று இரும்பு உரசினால் பேட் தீர்ந்தே போய்விட்டது. அப்புறம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிச் சக்கரங்களின் பக்கத்தில் புறங்கையைக் காட்டுங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதிப்போனால், போன ஆயில் திரும்பி வராது. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் நன்றாகத்தான் இருக்கும்.

மலை இறங்கும்போது

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டுக்கு 20. ஏறும்போது இன்ஜினுக்குச் சோதனை, இறங்கும்போது பிரேக்குக்கு.

எங்கள் வேன் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. வாங்கிய புதிதில் ஏற்காட்டிலிருந்து இறங்கினோம். பின்னால் இருந்த என் மாமியார்தான், "என்னம்மா, ஏதோ கருகுற வாடை வருதே" என்றார். அடுப்பு அணைந்துதான் இருந்தது. "பெடல் ரொம்ப உள்ளே போகுது" என்று இவர் சொன்னபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. கியரைக் குறைத்து, ஓர் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினார். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஊர்ந்துதான் சேலம் வந்து சேர்ந்தோம். மெக்கானிக் மூடியைத் திறந்து காட்டினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் டிகாக்ஷன் மாதிரி இருந்தது.

பிரேக் ஆயிலுக்கும் ஆயுள் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் ஈரம் கோத்துக்கொள்ளுமே, அதே குணம்தான் இதற்கும். டாட்-3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் அது 140 டிகிரி வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பிரேக் காய்ந்து ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். பெடல் தொளதொள என்று உள்ளே போகும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிவிடுங்கள். மலையில் ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டே வரக் கூடாது. சூடான சக்கரத்தில் தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

அப்படியும் பிரேக் பிடிக்கவில்லையென்றால்? பெடலை விடாமல் பம்ப் செய்ய வேண்டும், கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். சாவியை மட்டும் உருவக் கூடாது; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

வீட்டில் கவனம்

பிரேக் ஆயில் விஷம். மிச்சத்தைக் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை எடுத்துக் குடித்துவிடும். ஆயில் குறைந்தால் இன்ஜின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ ஊற்றக் கூடாது, ரப்பர் எல்லாம் ஊறிப் பெருத்துவிடும். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கெடுதல். டிரம்மைக் கழற்றும்போது குழந்தைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், பிரேக் ஆயில் மாற்றிய தேதியையும் லைனிங் பார்த்த தேதியையும் எழுதி வையுங்கள். அடுத்த பயணத்துக்கு மூட்டை கட்டும் முன் அந்தப் பக்கத்தை ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.