வீதி உப்பு எங்கே போகின்றது?

பனிகாலத்தில் விடியமுன் வேலைக்குப் போகும் எங்களுக்கு உப்பு லொறி பெரிய துணை. அது கொட்டிக்கொண்டு போனால்தான் 401 இல் வாகனம் வழுக்காது. பனி உருகிய பின் அந்த உப்பு எங்கே போகின்றது என்று நாங்கள் கேட்பதில்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் கேட்டார்கள்.

நிலத்தடி நீர்ப் பேராசிரியர் கென் ஹவாட், புவிச்சரிதவியல் பேராசிரியர் நிக் ஐல்ஸ் ஆகியோர் இடம்பெற்ற குழு பிக்கரிங்கின் பிரெஞ்ச்மன்ஸ் பே களப்பை ஆராய்ந்தது. அதற்கு நீர் வந்து சேரும் நிலம் 27 சதுர கிலோமீற்றர். ஒரு பனிகாலத்தில் அங்கே 7,600 தொன் வரை உப்புக் கொட்டப்படுகின்றது என 2009 இல் வெளிவந்த கட்டுரையில் கணக்குக் காட்டினார்கள். ஏறக்குறையப் பாதிதான் ஓடைகளோடு நேரே ஓடுகின்றது. மற்றப் பாதி நிலத்தில் சுவறி, நிலத்தடி நீரோடு மெல்ல நகர்ந்து, கோடையிலும் ஓடைகளில் கசிகின்றது. வீதி உப்பு சூழலுக்குக் கேடானது என்று கனடா அரசின் மதிப்பீடும் 2001 இல் சொல்லிவிட்டது.

சவர்க் கிணறு கண்ட எங்களுக்கு இது புதினமல்ல. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர், உப்பு நீரின்மேல் மிதந்தபடி நிற்கின்றது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழேயுள்ள உப்பு நீர் சுமார் 40 அடி மேலெழும் என்பது விஞ்ஞானக் கணக்கு. துலா மிதித்து இறைத்த கிணறுகள் சில, இயந்திரம் பூட்டிய பிறகு ஏன் சவர்த்தன என்பது இப்போதுதான் எங்களுக்கு விளங்குகின்றது. ஊரில் இதைச் சொல்லித்தர ஆளிருந்திருந்தால்!

எங்கள் வீடுகளிலோ டொக்டர், எக்கவுண்டன் என்றே பேச்சு. மண்ணும் தண்ணீரும் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால், "அதுக்கோ இஞ்சை வந்தனாங்கள்?" என்று கேட்கின்றோம். நின்ற நிலையில் உழைப்பவர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான். பாதை நீளமானது. இளமாணிக்கு நான்கு ஆண்டு, பிறகு முதுமாணி, கலாநிதிப் பட்டத்துக்கு இன்னும் நான்கைந்து ஆண்டு. ஆனால் ஆராய்ச்சி மாணவருக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே உதவித்தொகை கொடுக்கும். பெரிய தொகையல்ல, பஸ்ஸுக்கும் அறை வாடகைக்கும் இழுபடும். பேராசிரியர் பதவி எல்லோருக்கும் கிடையாது. கிடைக்காதவர்களை நகரசபைகளும் பொறியியல் கம்பனிகளும் எடுக்கின்றன.

பதினோராம் வகுப்புப் பாடங்களைத் தெரியும்போதே கணிதம், இரசாயனம், பௌதிகம் மூன்றையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் சந்திப்பு மாலையில் பிள்ளையையே மொழிபெயர்க்க வைத்தாவது கேட்டுவிடுங்கள்.