பிறந்தநாள் பைக்குள்ளே என்ன போடுகிறோம்?



நம்ம தோட்டங்களில் பிள்ளைகளின் பிறந்தநாளைக் கொண்டாடுவது இப்போது சாதாரண விஷயம். சம்பளம் போட்ட பிறகு வருகிற சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஒரு லயத்தில் பலூன் தொங்காமல் இருக்காது. டவுனில் கேக் ஓடர் கொடுக்கிறார்கள், வீட்டில் ரோல்ஸ், பெட்டிஸ் செய்கிறார்கள். வந்த பிள்ளைகள் திரும்பும்போது ஆளுக்கொரு சின்னப் பையும் கொடுத்தனுப்புகிறார்கள். அதற்குள்ளே ரெண்டு டொபி, ஒரு பிஸ்கட் பக்கற், கொஞ்சம் மிக்ஸர், ஒரு துண்டு கேக். பிள்ளைக்காம்பராவுக்கும் இதே மாதிரி பை போகிறது. இருக்கிறதைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிற நல்ல பழக்கம்தான்.

ஆனால் அந்தப் பை வீட்டுக்குப் போகிறது. அங்கே தாய் பார்க்காத நேரத்தில் பிள்ளை பிரித்துச் சாப்பிடும். ஒரு சாப்பாடு ஒத்துக்கொள்ளாத பிள்ளை அந்தக் கூட்டத்தில் இருந்தால், பையைக் கட்டுகிற நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஒத்துக்காது என்று நாம் பல விஷயங்களைச் சொல்கிறோம். தக்காளி சூடு, அன்னாசி கிரந்தி, தயிர் சளி என்கிற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. நான் சொல்லவந்தது அது இல்லை. டாக்டர்மார் ஒவ்வாமை என்று சொல்வது வேறு விஷயம். நோய்க்கிருமி உள்ளே வந்தால் எதிர்த்து நிற்பதற்கு நம் உடம்பில் ஒரு காவல் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அந்தக் காவல் பாலையோ முட்டையோ கச்சானையோ எதிரி என்று தப்பாக எண்ணிச் சண்டைக்குப் போகிறது. சாப்பிட்ட சில நிமிஷத்தில், கூடினால் ரெண்டு மணித்தியாலத்துக்குள், அது பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். காணாக்கடி மாதிரி தடித்துத் தடித்து அரிக்கும், உதடும் கண்ணிமையும் வீங்கும், வாந்தி வரும். கடுமையானால் தொண்டை அடைத்துக் குரல் மாறும், மூச்சு இழுக்கும், பிள்ளை வெளிறித் துவண்டுவிடும். அப்படிப் போனால் உயிருக்கே ஆபத்து. அளவு கொஞ்சம்தானே என்ற கணக்கும் இதில் செல்லாது. சில பிள்ளைகளுக்கு ஒரு கச்சான் பருப்பே அதிகம்.

நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நாலு வயதுப் பெண்பிள்ளை. கஜு ஒத்துக்காது என்று தாய்க்குத் தெரியும், அதனால் கண்ணில் தெரிகிற கஜுவைக் கொடுக்கமாட்டார். பக்கத்து லயத்துப் பிறந்தநாளில் கொடுத்த பையில் பால் டொபி இருந்தது. வீட்டில் கிண்டிய டொபி, கஜுவைப் பொடியாக இடித்துப் போட்டிருந்தார்கள். பார்த்தால் தெரியாது. சாப்பிட்ட பத்து நிமிஷத்தில் முகம் வீங்கி, இருமல் வந்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. அம்மாயி கண்ணூறு என்று உப்பு மிளகாய் சுற்றப் போனார். "அதெல்லாம் பிறகு பார்ப்போம் அம்மாயி, பிள்ளைய முதல்ல தூக்குங்க" என்று அடுத்த காம்பராப் பையன் சத்தம்போட்டு, ஓடிப்போய் கொழுந்து லொறியை நிறுத்தினான். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. பிள்ளை பிழைத்தது. டொபி கிண்டியவர் பிறகு பல நாள் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கக் கூசினார். அவர் மேல் என்ன குற்றம்? அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்க வேண்டும் என்று அறியவில்லை.

ஆகவே முதல் வேலை கேட்பதுதான். பிறந்தநாளுக்குச் சொல்லப் போகும்போதே "அக்கா, ஒங்க பிள்ளைக்கு ஏதாச்சும் சாப்பாடு ஒத்துக்காதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைக்காம்பராவுக்குக் கொடுப்பதென்றால் டீச்சரிடம் ரெண்டு நாள் முந்திச் சொல்லுங்கள், எந்தப் பிள்ளைக்கு எது கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படிப் பிள்ளை உள்ள தாய்மாரும் வெட்கப்பட வேண்டாம். "பெரிய வீட்டுப் பிள்ளை மாதிரி பவுசு காட்டுறா" என்று யாராவது பேசுவார்களோ என்று சிலர் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். பேசுகிறவர்கள் பேசட்டும். கிளினிக் கார்டிலும் அதை எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

இனி எந்தச் சாமானில் எது மறைந்திருக்கும் என்று பார்ப்போம்.

பால் என்றால் தம்ளரில் இருக்கிற பால் மட்டும் இல்லை. பால் டொபி, சொக்லட், பட்டர் போட்ட கேக், ஐசிங், நெய் லட்டு எல்லாவற்றிலும் பால் உண்டு. பிஸ்கட்டிலும் பலதில் பால்மா இருக்கும். மாட்டுப்பால் ஒவ்வாத பிள்ளைக்கு ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்று சொல்வார்கள். அது சரியில்லை, ரெண்டும் ஏறக்குறைய ஒரே சங்கதிதான். கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷாவில் சோளம், சோயாவோடு பால்மாவும் சேர்ந்திருக்கிறது என்பதையும் அப்படிப்பட்ட தாய்மார் நினைவில் வைக்க வேண்டும்.

முட்டை கேக்கில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ரோல்ஸின் மேலே பூசுவதும் முட்டைதான், கொக்கிஸ் மாவிலும் பலர் முட்டை அடித்துப் போடுவார்கள். கோதுமை மா ஒத்துக்காத பிள்ளைக்குப் பாண், பிஸ்கட், கேக், பெட்டிஸ் ஒன்றுமே ஆகாது. கச்சான் மிக்ஸரிலும் கச்சான் டொபியிலும் இருக்கும். எள்ளு, எள்ளுருண்டையில் மட்டும் இல்லை, சில முறுக்கிலும் தூவியிருப்பார்கள். கஜு லட்டில், பாயாசத்தில், கேக்கில் வரும். கச்சான் ஒத்துக்காத பிள்ளைக்குக் கஜுவும் கட்டாயம் ஒத்துக்காது என்றில்லை, ஆனால் அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், வீட்டில் கொடுத்துப் பார்த்து அறியக்கூடாது.

இறால், கருவாடு, மாசி பற்றியும் சொல்ல வேண்டும். ரோல்ஸ், பெட்டிஸுக்குள்ளே வைக்கிற கறியில் மீனோ மாசியோ இருக்கும். கடையில் இறால் வடை பொரித்த அதே எண்ணெயில் பருப்பு வடையையும் பொரிப்பார்கள். இறால் ஒவ்வாத பிள்ளைக்கு அந்தப் பருப்பு வடையும் ஆகாமல் போகலாம். கேக் வெட்டிய கத்தி, மிக்ஸர் அள்ளிய கரண்டி, டொபி பிரித்த கை எல்லாம் இதே கணக்குத்தான்.

இடையில் ஒன்று. பலயா, கெலவல்லா மாதிரி மீன் சாப்பிட்டு முகம் சிவந்து தடித்துப்போனால் எல்லாமே ஒவ்வாமை ஆகாது. கடற்கரையிலிருந்து மலைநாட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஐஸ் போதாமல் மீன் பழுதானால் அதில் ஒரு நச்சு உண்டாகிறது. சமைத்தாலும் அது போகாது. வீட்டில் நாலு பேருக்கு ஒன்றாக அப்படி வந்தால் மீனைச் சந்தேகிக்க வேண்டும். எப்போது சாப்பிட்டாலும் ஒரு பிள்ளைக்கு மட்டும் வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். எதுவானாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

கடையில் வாங்கும்போது லூஸாக அள்ளிப் போடுகிற டொபி, மிக்ஸரை விட்டுவிடுங்கள். அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. லேபல் ஒட்டிய பக்கற்றாக வாங்குங்கள். அந்த எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வீட்டில் ஏழு, எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மில்க், வே, கேசின், பட்டர் என்றால் பால். எக், அல்புமின் என்றால் முட்டை. வீட், குளூட்டன் என்றால் கோதுமை. பீனட் என்றால் கச்சான், கேஷூ என்றால் கஜு, செசமி என்றால் எள்ளு. "மே கன்டெய்ன்" என்று போட்டு ஒரு பெயர் இருந்தால், அதே தொழிற்சாலையில் அந்தச் சாமானும் புழங்குகிறது, இதிலும் பட்டிருக்கலாம் என்று அர்த்தம். ஒவ்வாத பிள்ளைக்கு அதுவும் வேண்டாம். போன மாதம் பார்த்த பக்கற்தானே என்று விடாமல் ஒவ்வொரு தடவையும் பாருங்கள், கம்பனிக்காரர் சேர்மானத்தை மாற்றுவதுண்டு.

அப்படியானால் பைக்குள்ளே என்னதான் போடுவது? எனக்குப் பிடித்த வழி, பழம். தோலோடு இருக்கிற வாழைப்பழம், தோடம்பழம் ரெண்டும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளும். யார் கரண்டியும் படாது, டொபியை விட உடம்புக்கும் நல்லது. வெல்லம் கலந்த பொரி உருண்டை வீட்டிலேயே செய்யலாம், ஆனால் எள்ளும் கச்சானும் போடாமல். தேங்காய் டொபி செய்பவர்கள் டின்பால் சேர்க்காமல் தேங்காய், சீனி மட்டும் வைத்துக் கிண்டலாம். பழ ருசியுள்ள சாதாரணச் சீனி டொபிகள் பலதில் பாலோ கச்சானோ கிடையாது, லேபலைப் பார்த்து வாங்கலாம். ஜெலி டொபியில் ஜெலட்டின் இருக்கும், அது மாடு அல்லது பன்றியிலிருந்து எடுப்பது, வேண்டாம் என்கிற குடும்பங்கள் கவனியுங்கள்.

சாப்பாடே இல்லாத பையும் நல்ல பைதான். ஒரு பென்சில், அழிறப்பர், சின்னக் கொப்பி, பெண்பிள்ளைக்கு ரிப்பனோ கிளிப்போ, ஸ்டிக்கர். டொபி ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோகும், பென்சில் ஒரு தவணை பள்ளிக்கூடம் போகும். விலையைக் கூட்டிப் பார்த்தால் சொக்லட்டை விட அதிகமும் இல்லை. அஞ்சு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மாபிள், முழுக் கச்சான், கெட்டி டொபி, சோளப்பொரி, ஊதாத பலூன் ஒன்றும் போடாதீர்கள். ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கும் அது தொண்டையில் சிக்கும்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் வேறு பை கட்டினால் பெயரை எழுதி, அதைத் தாயின் கையிலேயே கொடுங்கள். ஆனால் என் அபிப்பிராயம், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பை கட்டுவதுதான் மேல். "ஒனக்கு இது இல்ல" என்று கேட்டுக் கேட்டு வளர்கிற பிள்ளையின் மனசு வேறு மாதிரி ஆகிவிடும். பிள்ளைக்காம்பராவில் அப்படிப்பட்ட பிள்ளையின் பெயர் எழுதிய டின் ஒன்றில் அதற்கு ஒத்துக்கொள்கிற டொபியைத் தாய் போட்டு வைக்கலாம். திடீரென்று யாராவது கேக் கொண்டுவந்தாலும் அது வெறுங்கையோடு நிற்காது.

இத்தனையும் பார்த்தும் தவறுதலாகச் சாப்பிட்டுவிட்டால்? மூச்சு இழுக்கிறது, குரல் மாறுகிறது, துவளுகிறது என்றால் தாமதிக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ரோட்டு மோசம், வரத் தாமதமாகும் என்றால் அவர்களிடமே கேட்டுக்கொண்டு, தோட்டத்தில் கிடைக்கிற வாகனத்தில் புறப்படுங்கள். பிள்ளையை நடக்க விடாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடியுங்கள். மூச்சு முட்டினால் சாய்த்து உட்காரவைக்கலாம். தண்ணீர், பால், கசாயம் ஒன்றும் வாயில் ஊற்ற வேண்டாம். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையில் போடுவது. பிரிட்டன் குளிசை அரிப்பைக் குறைக்கும், அடைத்த மூச்சைத் திறக்காது. ஊசிக்குப் பிறகு சுகமானாலும் சில மணித்தியாலம் கழித்து மறுபடி வரலாம், டாக்டர் வைத்திருக்கச் சொன்னால் வேலை நாள் போகிறதென்று துண்டு வெட்டிக்கொண்டு வராதீர்கள்.

கடைசியாக இதன் மறுபக்கம். இதை வாசித்துவிட்டு யாரும் பயத்தில் பிள்ளைக்கு முட்டையையும் பாலையும் நிறுத்திவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை சுகாதார ஆய்வில், 5 வயதுக்குக் குறைந்த தோட்டத்துப் பிள்ளைகளில் 100க்கு 32 பேரளவில் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று கண்டார்கள். நாட்டுக் கணக்கு 100க்கு 17. ஒரு தடவை சொறிந்ததென்று முட்டையை ஒரேயடியாக நிறுத்தினால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். எதைச் சாப்பிட்டது, எத்தனை நிமிஷத்தில் என்ன வந்தது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு தோட்டத்து டாக்டரிடமோ மிட்வைஃப் மிஸ்ஸிடமோ காட்டுங்கள். அவர்கள் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அனுப்புவார்கள். பாலும் முட்டையும் ஒத்துக்காத பிள்ளைகளில் பலருக்கு வளர வளர அது விட்டுப்போகிறது, ஆகவே அப்போதைக்கப்போது திரும்பக் காட்டுவதும் வேண்டும். விட்டுப்போயிற்றா இல்லையா என்று வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குகிற வேலை மட்டும் வேண்டாம். அதை ஆஸ்பத்திரியில், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்து பார்ப்பார்கள்.