மண்ணுக்கு மூடாக்கு போட்டோம், நமக்கு?

வங்கியில் முப்பத்தி நாலு வருஷம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவன் நான். ஓய்வுபெற்று நிலத்தில் இறங்கிய ஆறாவது கோடையில், இடது கண்ணில் மூக்கோரமாகச் சிவப்பாய் ஒரு சதை படர ஆரம்பித்தது. தூசி என்று விட்டுவிட்டேன். கருவிழி ஓரத்தை அது தொட்ட பிறகுதான் மருத்துவரிடம் போனேன். "விவசாயம் பண்றீங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. வெயிலும் தூசியும் வறண்ட காற்றும் சேர்ந்து வளர்க்கிற சதையாம் அது. பார்வையை மறைத்தால் அறுவை சிகிச்சைதான். எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வளரும். கண்புரைக்கும் வெயிலின் புற ஊதாக் கதிர் ஒரு காரணம் என்றார்.

அன்று சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து யோசித்தேன். மண் காயக்கூடாது என்று கரும்புத் தோகையில் மூடாக்கு போடுகிறேன். பஞ்சகவ்யாவை வெயில் ஏறுமுன் தெளித்து முடிக்கிறேன். நாற்றங்காலுக்குத் தென்னங்கீற்றுப் பந்தல். என் உடம்புக்கு மட்டும் ஒரு துண்டு!

தலைப்பாகை உச்சியைக் காக்கும். கண்ணையும் காதையும் பிடரியையும் காக்காது. சுற்றிலும் விளிம்பு அகலமான பனையோலைத் தொப்பி காக்கும். களையெடுக்க வரும் பெண்கள் புடவைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போடுவார்கள். முன்பு எனக்கு அது வேடிக்கை. இப்போது நானும் முழுக்கைச் சட்டைதான். நெருக்கமாக நெய்த பருத்தி.

கண்ணாடி வாங்கும்போது கவனம். வெறும் கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைப்பதால் கண்மணி விரியும். கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். நிறம் முக்கியமில்லை, 'யூவி 400' என்று இருக்கிறதா பாருங்கள்.

நேரம் பார்க்கக் கடிகாரம் வேண்டாம், நிழல் போதும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை. மர நிழலில் செய்கிற வேலைக்கு மாறுங்கள். மேகம் மூடியிருந்தாலும் கதிர் வரும்.

எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுக்கும், கழுவிவிட்டுப் போங்கள். பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்காதீர்கள். அதனால் வரும் அரிப்பு வெயிலில் இன்னும் முற்றும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இயற்கை விவசாயிகளான நமக்குப் பச்சிலை மேல் நம்பிக்கை அதிகம். ஆனால் கண் சிவந்தால் இலைச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். கருவிழியில் புண் வந்தால் பார்வையே போகலாம். ஆறாத புண், நிறம் மாறும் மச்சம் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொப்பியும் கண்ணாடியும் போட்டு இரண்டு கோடை போய்விட்டது. சதை அதற்குமேல் வளரவில்லை. ஆறு வருஷம் முன்னாலேயே போட்டிருக்கலாம். நீங்களாவது இந்தச் சித்திரையிலேயே போடுங்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கும் ஆளுக்கொரு தொப்பி வாங்கிக் கொடுங்கள்.